ஈ.பி. பில்லுக்கு ஜிஎஸ்டி இல்லையாம்... அதுல என்ன சந்தோஷம்?

கரண்ட் பில்லுக்கு ஜிஎஸ்டி உண்டா, இல்லையா? இந்தக் கேள்வியை இன்னைக்கு ராத்திரி உங்க ஹாஸ்டல் ரூமில் போட்டுப் பாருங்க. பாதிப் பேர் "18 சதவீதம் இருக்கும்ல?" என்பார்கள். மீதிப் பேர் "அப்பாதான் கட்டுறார், எனக்கென்ன தெரியும்" என்பார்கள். ஈஈஈ டிபார்ட்மென்ட் நண்பர்களும் இதில் விதிவிலக்கு இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் ஈக்விவலன்ட் சர்க்யூட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவார்கள், அதில் ஓடுகிற மின்சாரத்துக்கு என்ன வரின்னு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சரியான பதில்: இல்லை. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி விகிதம் பூஜ்யம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்கும் பூஜ்யம், பீளமேட்டில் இருக்கிற லேத் பட்டறைக்கும் பூஜ்யம், ஒரகடம் கார் கம்பெனிக்கும் பூஜ்யம்.

"அட, நல்ல விஷயம்தானே!" என்று தோன்றும். வீட்டுக்கு நல்ல விஷயம்தான். தொழிலுக்கு அப்படி இல்லை. இந்தப் பூஜ்யம்தான் நம்ம ஊர் சின்னத் தொழிற்சாலைகளின் தலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற சுமை என்பது என் கருத்து. கோர் கம்பெனியில் வேலைக்குப் போகப் போகிறவர்களும், ஸ்டார்ட்அப் கனவில் இருப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஜிஎஸ்டி எப்படி ஓடுகிறது என்று ஒரு நிமிஷம். பட்டறைக்காரர் ஒருவர் 1 லட்சம் ரூபாய்க்கு கார்பைடு டிப்பும் டிரில்லும் வாங்குகிறார். மேலே 18,000 ஜிஎஸ்டி. அவர் செய்து விற்கும் பாகத்துக்கு வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் ஜிஎஸ்டியில் இந்த 18,000-ஐக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் அரசுக்குக் கட்டினால் போதும். இதுதான் இன்புட் கிரெடிட். ஆக, அந்த 18,000 அவருக்குச் செலவே இல்லை, கை மாறிப் போகிற காசு. ஜிஎஸ்டியின் மொத்தப் பெருமையும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கு: வரிக்கு மேல் வரி ஏறக் கூடாது.

இப்போ அதே பட்டறைக்காரரின் ஈ.பி. பில்லுக்கு வாங்க. பில் 1 லட்சம் என்று வைப்போம். ஜிஎஸ்டி இல்லை. ஆனால் கீழே "மின்சார வரி" என்று ஒரு வரி இருக்கும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் 5 சதவீதம். 5,000 ரூபாய். இது மாநில வரி, ஜிஎஸ்டி குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. அதனால் கிரெடிட் கிடையாது. கட்டினால் கட்டியதுதான். அந்த 5,000 அவருடைய உற்பத்திச் செலவில் ஏறும், செலவு விலையில் ஏறும், அந்த விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி விழும். வரிக்கு 900 ரூபாய் வரி! எதை ஒழிக்க ஜிஎஸ்டி வந்ததோ, அதுவே கொல்லைப்புறமாக வந்து நடு வீட்டில் உட்கார்ந்திருக்கு.

தமிழ்நாட்டின் 5 சதவீதம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். மகாராஷ்டிராவில் வணிக இணைப்புகளுக்கு மின்சார வரி 21 சதவீதம். ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில் 53-ஆவது இனம் அந்த உரிமையைத் தருகிறது.

பில்லில் பெயரோடு தெரிகிற வரி இது. பெயரே இல்லாமல் யூனிட் விலைக்குள் ஒளிந்திருக்கிற வரிதான் எனக்கு இன்னும் பெரிய விவகாரமாகத் தெரிகிறது.

மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் என்பதால், அதைத் தயாரிப்பவருக்கும் விநியோகிப்பவருக்கும் இன்புட் கிரெடிட் கிடையாது. விற்பனையில் ஜிஎஸ்டி வசூலித்தால்தானே அதில் கழிக்க முடியும்? ஆகவே அனல்மின் நிலையம் வாங்கும் நிலக்கரிக்கு ஜிஎஸ்டி, மின்வாரியம் வாங்கும் டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், மீட்டர் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி, எல்லாமே செலவுக் கணக்கில் போய் உறைந்துவிடும். அந்தச் செலவு கடைசியில் கட்டணமாக நம்மிடம் வரும், இல்லையென்றால் மின்வாரியத்தின் கடனாக மாநிலத்தின் தலையில் ஏறும்.

நிலக்கரியை மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், சுவாரசியமா இருக்கும். 2025 செப்டம்பர் 22 வரைக்கும் நிலக்கரிக்கு 5 சதவீத ஜிஎஸ்டியும், அதற்கு மேல் டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு செஸ்ஸும் இருந்தது. (இந்த 400-க்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2010-ல் சுத்தமான எரிசக்திக்காக டன்னுக்கு 50 ரூபாய் என்று ஆரம்பித்து, 100, 200 என்று ஏறி, 2016-ல் 400 ஆனது. ஜிஎஸ்டி வந்ததும் பெயரை மாற்றி மாநிலங்களுக்கு இழப்பீடு தரப் பயன்படுத்திக்கொண்டார்கள்.) அந்தத் தேதியிலிருந்து செஸ் போய்விட்டது, ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது.

டன் விலை 2,000 ரூபாய் என்றால் பழைய வரி 100 + 400 = 500, புதிய வரி 360. டன் 5,000 என்றால் பழையது 650, புதியது 900. இரண்டும் சமமாகிற விலை 400-ஐ 0.13-ஆல் வகுத்தால் வரும்: கிட்டத்தட்ட 3,077 ரூபாய். அதற்குக் கீழே இருக்கிற மலிவான கரிக்கு வரி குறைந்தது, மேலே இருக்கிற விலை உயர்ந்த கரிக்கு வரி கூடியது. மலிவான கரி என்றால் பெரும்பாலும் சாம்பல் அதிகமுள்ள நம்ம நாட்டுக் கரி. சுத்தமான எரிசக்தியின் பெயரில் பிறந்த ஒரு வரி கடைசியில் எங்கே போய் நின்றிருக்கு பாருங்க!

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 0.65 கிலோ கரி எரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க் கரியில் ஒரு யூனிட்டுக்கு 23 பைசா வரி ஒளிந்திருக்கு. விலை கூடிய கரியில் இன்னும் அதிகம், அது கொஞ்சம் குறைவாக எரியும் என்பதைக் கழித்த பிறகும். இந்தப் பைசா எந்த பில்லிலும் எந்தப் பெயரிலும் வராது. யாராலும் கிரெடிட் எடுக்கவும் முடியாது.

இதை ஒரு ஃபவுண்டரியில் வைத்துப் பார்த்தால் அளவு புரியும். இண்டக்ஷன் ஃபர்னேஸில் 1 டன் வார்ப்பிரும்பு உருக்க சுமார் 600 யூனிட் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்று தோராயமாக வைத்தால் 4,800 ரூபாய், அதற்கு மின்சார வரி 240. அந்த 600 யூனிட்டில் பாதிதான் நிலக்கரி மின்சாரம் என்று தாராளமாக வைத்தாலும் உள்ளே ஒளிந்திருக்கிற கரி வரி இன்னொரு 70. ஆக டன்னுக்கு 310 ரூபாய். மாதம் 200 டன் உருக்குகிற சாதாரண ஃபவுண்டரிக்கு 62,000. நம்ம ஊர் கோர் கம்பெனி ஆஃபர் லெட்டர்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அது மூன்று டிரெய்னி இன்ஜினியர்களின் மாதச் சம்பளம். உருக்குவதற்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. சாண்ட் பிளான்ட், கம்ப்ரசர், ஃபெட்லிங் எல்லாம் சேர்க்கவில்லை.

இதே வார்ப்பைச் செய்கிற சீனத் தொழிற்சாலை மின்சாரத்துக்கு 13 சதவீதம் வாட் கட்டுகிறது. பிரிட்டனில் வணிக இணைப்புக்கு 20 சதவீதம். கேட்கும்போது "நம்ம பூஜ்யம் எவ்வளவோ மேல்" என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 13-ஐயும் 20-ஐயும் அங்கே வரிப் பதிவு பெற்ற தொழில்கள் தங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்கின்றன. அந்த வரி அவர்கள் செலவில் தங்குவதில்லை. நம் பூஜ்யம் தங்கிவிடுகிறது. கிரெடிட்டோடு வரும் 20 சதவீதம், கிரெடிட் இல்லாத 5 சதவீதத்தைவிட மலிவு. இதைப் புரிந்துகொள்ள ஒரு எம்பிஏ எல்லாம் தேவையில்லை, மேலே போட்ட கூட்டல் கழித்தல் போதும்.

இது நான் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் இல்லை. மத்திய அரசுக்கே தெரியும். ஆயத்த ஆடை ஏற்றுமதியாளர்களுக்கு 2019-லிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தரும் திட்டம். ஜிஎஸ்டியில் திரும்பி வராத வரிகள், அதாவது மின்சார வரி, எரிபொருள் மீதான வாட் போன்றவை, ஆடையின் விலைக்குள் புதைந்திருக்கின்றன என்று ஒப்புக்கொண்டு அதை ஈடுசெய்கிறது அந்தத் திட்டம். மற்ற பல ஏற்றுமதிப் பொருட்களுக்கும் 2021-லிருந்து அதே மாதிரி ஒன்று உண்டு. திருப்பூரில் அமெரிக்காவுக்கு அனுப்பும் டி-ஷர்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் மின்சார வரி அரசின் கண்ணுக்குத் தெரிகிறது. அதே தெருவில் மதுரைக் கடைக்கு அனுப்பும் டி-ஷர்ட்டுக்குள் இருப்பது தெரியவில்லை. இரண்டும் ஒரே மில் நூல், ஒரே கரண்ட்.

பெரிய கம்பெனிகள் இதிலிருந்து தப்பிக்க வழி வைத்திருக்கின்றன. கூரையில் சோலார் போட்டுத் தன் தொழிலுக்கே பயன்படுத்தினால், அந்தப் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் கட்டிய ஜிஎஸ்டிக்கு இயந்திரங்களுக்குப் போலவே பொதுவாகக் கிரெடிட் எடுக்கலாம். சோலார் சாதனங்களின் ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்க: சொந்தமாக மின்சாரம் தயாரிக்க முதலீடும் கூரையும் இருப்பவருக்கு வரி திரும்பி வருகிறது. வாடகைக் கொட்டகையில் நாலு லேத் வைத்திருப்பவருக்கு வராது. கரண்ட் போனால் அவர் ஓட்டும் ஜெனரேட்டரின் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே. அங்கேயும் வாட், அங்கேயும் கிரெடிட் இல்லை.

குழப்பம் இதோடு நிற்கவில்லை. மின்சாரம் சரக்கா, சேவையா? சரக்குதான் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. சரக்கு, வரி பூஜ்யம். ஆனால் அதே மின்சாரத்தை உங்கள் ஸ்கூட்டரின் பேட்டரிக்குள் ஏற்றினால் அது சேவை என்று மத்திய மின் அமைச்சகம் 2018-ல் விளக்கம் தந்தது. சார்ஜிங் நிலையங்கள் லைசென்ஸ் இல்லாமல் நடக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். சேவை ஆனதும் 18 சதவீதம் வந்து ஒட்டிக்கொண்டது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு 5 சதவீதம், வீட்டில் சார்ஜ் போட்டால் பூஜ்யம், ரோட்டோரம் போட்டால் 18. எலெக்ட்ரான் எல்லாம் ஒன்றுதான்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பெட்ரோல், டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரணும் என்று டிவியில் தினமும் கத்துகிறார்கள். மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தனைக்கும் சட்டப்படி பாதி வேலை சுலபம். மின்சாரத்தின் பூஜ்ய விகிதம் ஓர் அறிவிக்கையில்தான் இருக்கிறது, ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தால் மாற்றிவிடலாம். கஷ்டமான பாதி, மாநிலங்களின் 53-ஆவது இனம். அதை எடுக்க அரசியலமைப்பையே திருத்தணும். எடுக்காமல் ஜிஎஸ்டியை மட்டும் போட்டால் இரண்டு வரியும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்.

மாநிலங்கள் ஏன் விடமாட்டேன் என்கின்றன? பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜிஎஸ்டிக்குப் பிறகு ஒரு மாநிலம் தானாக விகிதம் முடிவு செய்யக்கூடிய பெரிய வரிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: மது, பெட்ரோல்-டீசல், வாகன வரி, பத்திரப் பதிவு, மின்சாரம். ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எதுவும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது மத்திய அரசு வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. அந்த மேசையில் இன்னொரு வரியையும் கொண்டுபோய் வைக்க எந்த நிதி அமைச்சருக்கும் தயக்கம் இருக்கத்தான் செய்யும். ஆகவே மின்சார வரியை விடும் மாநிலத்துக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு இழப்பீடு என்று சட்டத்திலேயே எழுதாமல் இது நடக்காது. 2017-ல் ஐந்து ஆண்டு இழப்பீடு தந்துதான் ஜிஎஸ்டியையே கொண்டுவந்தார்கள், அதனால் இதுவும் முடியாத காரியம் இல்லை.

விகிதம்? பிரிட்டன் மாதிரிப் பிரிக்கலாம் என்பது என் யோசனை. வீட்டுக்கு அங்கே 5 சதவீதம், தொழிலுக்கு 20. மாதம் 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் சின்னக் கடைக்கு வீட்டு விகிதமே. இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கு. நாமும் பதிவு பெற்ற தொழில்களுக்கு 18 வைத்து முழுக் கிரெடிட் தரலாம். டீக்கடை, தையல் கடை, ஜெராக்ஸ் கடைக்கு 5. வீட்டுக்கு இன்று போலவே பூஜ்யம் வைத்தால் மின்வாரியம் தன் கிரெடிட்டில் ஒரு பங்கை இழக்கும், 5 வைத்தால் மக்கள் கொதிப்பார்கள். குறைந்த யூனிட் வீடுகளின் 5 சதவீதத்தை மாநில அரசே மானியத்தில் ஏற்றுக்கொள்வதுதான் நடக்கக்கூடியது.

இதில் அடிபடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்கக் கூடாது. ஜிஎஸ்டி விலக்கு பெற்ற சேவை தருபவர்களால் கிரெடிட் எடுக்க முடியாது. மருத்துவமனைகள் அப்படி. கல்லூரிகளும் அப்படித்தான்! ஏசி செமினார் ஹால், ஹாஸ்டல், லேப் என்று ஓடும் நம் கேம்பஸின் பில்லுக்கு இன்று 5 சதவீதம் மாதிரி போவது நாளை 18 ஆகலாம். அது எந்த வழியாக நம்மிடம் வரும் என்று உங்களுக்கே தெரியும். இவர்களுக்கும் 5 சதவீத விகிதமே என்று தனியாக எழுதினால்தான் இந்தத் திட்டம் நியாயமாக இருக்கும்.

இதெல்லாம் நடக்க எத்தனை வருஷம் ஆகுமோ. அதற்குள் ஸ்டார்ட்அப் தொடங்கி ரூம் தேடப் போகிறவர்களுக்கு, இன்றைக்கே பணம் மிச்சமாகிற ஒரு விஷயம். பகிர்வு அலுவலகத்திலோ மாலிலோ இடம் எடுத்தால், கட்டட உரிமையாளர் வாடகையோடு கரண்ட் பில்லையும் போடுவார். மின்சாரத்தை வாடகையோடு சேர்த்து ஒரே சேவையாக அவர் தந்தால், தனியாக பில் போட்டிருந்தாலும், மின்சாரத் தொகைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 2023 அக்டோபர் 31-ல் வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் ஈ.பி. வசூலித்த தொகையை அப்படியே, ஒரு பைசா கூட்டாமல், உங்கள் சார்பில் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டால் அந்தப் பகுதிக்கு ஜிஎஸ்டி இல்லை. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால் 18 ஒரு பிரச்சினை இல்லை, கழித்துக்கொள்ளலாம். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழில், பதிவு செய்யவில்லை என்றால், 10,000 ரூபாய் கரண்டுக்கு மாதம் 1,800 கையை விட்டுப் போகும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தனி சப்-மீட்டர் வைக்கச் சொல்லுங்க, "மின்கட்டணம் மீட்டர்படி, ஈ.பி. விகிதத்திலேயே" என்று எழுதி வாங்குங்க. மாசா மாசம் ஈ.பி. பில்லின் நகலையும் கேளுங்க.